பயிற்சி ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொடக்கப்பள்ளி, மழலையர் வகுப்புகளுக்கான ஆசிரியர் பயிற்சியில் இருப்பவர்கள் துணைக்கருவி செய்வதற்காகக் கண்விழிக்காத இரவு இல்லை. வெட்டி ஒட்டிய அட்டை, பளபளக்கும் தாள், நூலில் தொங்கும் பறவை. மறுநாள் வகுப்பில் அந்தப் பறவையைக் குழந்தைகள் தொட விடுவதில்லை, கிழிந்துவிடுமாம்! நான்கு வயதுக் கைக்கு எட்டாத கருவி வெறும் தோரணம்தான். பத்துப் பொத்தான்கள் போதும்.

ஐந்து பொத்தான்களை வரிசையாக வையுங்கள். அவற்றுக்கு நேர் கீழே இன்னும் ஐந்து. "இரண்டும் சமமா?" என்றால் குழந்தை "சமம்" என்று சொல்லும். கீழ்வரிசையை இழுத்து அகலப்படுத்துங்கள். "கீழேதான் அதிகம்" என்று அதே குழந்தை சாதிக்கும். குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த சுவிஸ் உளவியலாளர் ஜீன் பியாஜே விளக்கிய புகழ்பெற்ற சோதனை இது. பாடப்புத்தகத்தில் இதைப் படித்துத் தேர்வெழுதியவர்கூட, வகுப்பில் "தவறு, எண்ணிப் பார்" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார். எண்ணிய பிறகும் பல குழந்தைகள் மாறுவதில்லை. "எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று கேட்டிருந்தால், "இதுதான் நீளம்" என்று விடை வந்திருக்கும். குழந்தை பார்ப்பது எண்ணிக்கையை அல்ல, நீளத்தை என்பது அப்போது தெரிந்திருக்கும்.

கேள்வி கேட்டால் மட்டும் போதாது, வாயை மூடிக்கொண்டு காத்திருக்கவும் வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் விடைக்காகச் சராசரியாக ஒரு நொடிதான் பொறுத்தார்கள். அதை மூன்று நொடியாக நீட்டியதும் விடைகள் நீண்டன. பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மேற்பார்வையாளர் கடைசி பெஞ்சில் இருக்கும்போது அந்த மூன்று நொடி ஒரு யுகம் போலத்தான் இருக்கும். இருக்கட்டும்.

எழுத்துகளின் பெயரை மட்டும் ஒப்புவிக்க வைப்பது இன்னொரு பழைய வழக்கம். "பானா, டானா, இம்" என்று கற்ற பிள்ளைக்கு "படம்" என்று கூட்டிப் படிக்க வராததில் வியப்பில்லை. ஒலியையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

சிறு பாடப் பகுதியைச் சில நிமிடம் நடத்திப் பழகும் நுண்ணிலைக் கற்பித்தலில் கிடைத்த கைத்தட்டலை நம்பிவிடாதீர்கள். அங்கே மாணவர்களாக உட்கார்ந்திருப்பவர்கள் உங்கள் தோழர்கள். அவர்களில் யாரும் நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போக மாட்டார்கள்.

எனக்கு அதிகக் கவலை தருவது, குழந்தைகளைக் கவனித்துக் குறித்துவைக்கும் உற்றுநோக்கல் பதிவேடுதான். "மந்தமான குழந்தை, கவனமில்லை" என்று எழுதியிருப்பார்கள். அது தீர்ப்பு, பதிவு அல்ல. கண்ணால் கண்டதை எழுதுங்கள்: "கரும்பலகையைப் பார்க்கும்போது கண்ணை இடுக்கினாள். இரண்டு வரி விட்டு எழுதினாள். பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதியபோது பிழை இல்லை." இதைப் படிக்கும் வகுப்பாசிரியர் அவளை முதல் வரிசைக்கு மாற்றுவார், கண் பரிசோதனைக்கு அழைத்துப் போகும்படி பெற்றோரிடமும் சொல்வார்.