மார்கழி, தை மாதங்களில் குமரிக் காட்டைத் தனியாகப் படமெடுக்க

கேமராவைத் தூக்கிக்கொண்டு தனியாகக் காட்டுக்குப் போக ஆசை என்றால் முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: உள்ளே ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை, போகவும் கூடாது. நம் கன்னியாகுமரி மாவட்டத்து மலைக்காடு 2008-இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, வனத்துறை அனுமதியில்லாமல் நுழைவது குற்றம், போதாததற்கு யானை வேறு உண்டு. தனி ஆளுக்கு நல்ல படம் கிடைப்பது காட்டின் விளிம்பில்தான். ரப்பர் தோட்டத்து வழி, ஓடைக்கரை, ஊர்க்காரர்கள் தினமும் நடக்கும் தடம், இவை போதும். ஒரு கிலோமீட்டருக்குள் மூன்று மணி நேரம் பைய நடப்பவருக்குக் கிடைப்பது பத்து கிலோமீட்டர் ஓடுபவருக்குக் கிடைக்காது.

எப்போது போகலாம்? மார்கழி பாதியிலிருந்து தை முடியும்வரை. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நமக்குக் கிடைப்பதால் அப்போது ஓடையில் தண்ணீர் இருக்கும், மலை பச்சையாக இருக்கும், காலையில் மூடுபனி இறங்கும். ஆனால் என் கண்ணுக்கு இந்தக் காலத்தின் பெரிய அழகு ரப்பர்தான். இலை மஞ்சளாகி, செம்பு நிறமாகி, தரை முழுக்கக் கொட்டிக் கிடக்கும், அதற்குப் பின்னால் மலைக்காடு கரும்பச்சையாக நிற்கும். குளிர்நாட்டு இலையுதிர்காலப் படங்களைப் பார்த்து ஏங்குகிறவர்கள் குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் தை மாதம் ஒரு காலை போய்ப் பாருங்கள். தாமதித்தால் புதுத் தளிர் வந்துவிடும், பிறகு கோடை நெருங்க நெருங்கக் காட்டுத்தீ பயத்தால் மலைப்பாதைகளை மூடுவதும் உண்டு.

முதல்முறை போகிறவர்களுக்கு நாகர்கோவிலிலிருந்து பூதப்பாண்டி, அழகியபாண்டியபுரம், தடிக்காரன்கோணம் வழியாகக் கீரிப்பாறை போகும் சாலையைச் சொல்வேன். சாலையோரமே படமெடுக்க நிறைய இருக்கிறது. அதற்கும் மேலே காளிகேசம் போவதானால் செக்போஸ்ட்டில் கேட்டு, அவர்கள் சொல்லும் நேரத்துக்குள் போய்த் திரும்புங்கள். தோட்டத்துக்குள் இறங்குவதற்கும் அனுமதி வேண்டும். விடியும் முன்பே நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு ரப்பர்ப் பால் வெட்டுகிறவர்கள் வந்திருப்பார்கள். "அண்ணாச்சி, இந்தப் பக்கம் யானை இறங்கியிருக்கா?" என்று அவர்களிடம் கேளுங்கள், எந்த மேப்பும் தராத பதில் கிடைக்கும். அவர்களைப் படமெடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள், மரத்தில் கட்டியிருக்கும் சிரட்டையைத் தொட வேண்டாம், அதில் இருப்பது அவர்களுடைய அன்றாடச் சம்பாத்தியம்.

தனியாகப் போவதால் வீட்டில் ஒருவரிடம் எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். மலையடிவாரம் தாண்டினால் போனில் சிக்னல் எடுக்காது. காதில் ஹெட்போன் கூடவே கூடாது. புது யானைச்சாணம் கண்ணில் பட்டால், மூங்கில் முறியும் சத்தம் கேட்டால், எவ்வளவு நல்ல வெளிச்சமானாலும் அந்த நிமிடமே வந்த வழியே திரும்புங்கள். ஓடைக்குள் ட்ரைபாட் வைத்து நிற்கும்போது தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ சருகு அடித்து வந்தாலோ மேலே மழை பெய்கிறது என்று அர்த்தம், நம் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் கரையேறிவிட வேண்டும். மழை விட்ட இரண்டொரு நாளில் அட்டை அதிகமாக இருக்கும். பேன்ட்டை சாக்ஸுக்குள் விட்டுக்கொண்டு, கொஞ்சம் உப்பு கையில் வைத்திருந்தால் சமாளிக்கலாம்.

சரி, படத்துக்கு வருவோம். தை மாதம் சூரியன் உதிக்கவே 6:30 தாண்டிவிடும், மலை மறைக்கும் இடங்களில் வெயில் மரங்களுக்குள் நுழைய இன்னும் நேரமாகும். அந்த இடைவெளியில், பனி கலையும் முன், மரங்களின் வரிசையை எடுத்துவிடுங்கள். ரப்பர் வரிசையாக நட்ட மரம் என்பதால் நேராக நின்று எடுத்தால் தூண் மண்டபம் மாதிரி விழும், இரண்டடி விலகினாலே வரிசை கலைந்து காடாகத் தெரியும், எது வேண்டுமோ அதை முடிவு செய்து நில்லுங்கள். வெயில் கீற்று விழும்போது எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்தால் கீற்று தெளிவாக நிற்கும். வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் வைட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் பனியின் நீலத்தைக் கேமரா அழித்துவிடக்கூடும், டேலைட்டில் வையுங்கள். ஒரே ஒரு ஃபில்டர்தான் வாங்க முடியும் என்றால் போலரைசர் வாங்குங்கள். ஈர இலையின் பளபளப்பை வெட்டி உண்மையான பச்சையைக் கொண்டுவருவது அதுதான், எடிட்டிங்கில் இதைச் செய்ய முடியாது. ஓடைக்கு ட்ரைபாட் வைத்துக் கால் நொடியிலிருந்து ஒரு நொடிவரை ஷட்டரைத் திறந்து வைத்து முயன்று பாருங்கள். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம்.

பனிநாட்டுக்காரர்கள் எழுதும் குறிப்புகளில் குளிரில் பேட்டரி சீக்கிரம் தீரும் என்று இருக்கும். நம் ஊரில் அந்தக் கவலை இல்லை, நமக்கு எதிரி ஈரப்பதம். ஏசி போட்ட காரிலிருந்து இறங்கியதும் லென்ஸ் முழுக்க ஆவி படியும், அதனால் கடைசி அரைமணி நேரம் ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கி ஓட்டுங்கள். பையில் சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டு, ஒரு பருத்தித் துணி, தண்ணீர், ரெண்டு ஏத்தன்பழம் போதும். திரும்பி வந்ததும் கேமராவை அப்படியே பையில் பூட்டி வைக்காதீர்கள். லென்ஸைத் துடைத்துக் காற்றாட வைத்துவிட்டு, ஈரம் போனபின் சிலிகா ஜெல்லோடு மூடி வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மழைக்காலத்தில் உள்கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும்.