சீன நாடகத்தில் மெல்ல வரும் காதலைப் பார்ப்பது எப்படி

மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் திறந்தால் மறுநாளே நாகப்பட்டினம் கடைமடைக்கு வந்துவிடாது, கல்லணை தாண்டி வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து நாள்கணக்கில் ஊர்ந்துதான் வரும். சீன நாடகக் காதலும் அப்படித்தான். ஐந்து பகுதி பார்த்தும் ஒன்றும் நடக்கவில்லையே என்று நிறுத்திவிடாதீர்கள்.

முதலில் சின்னதாக ஒன்றை எடுங்கள். 2020-ல் சீன அரசின் ஒளிபரப்புத் துறையே தொடர்கள் 40 பகுதிக்குள் இருக்கட்டும் என்று சொன்னது. அதற்கு முந்தையவற்றில் 50, 60 சாதாரணம். 2023-ல் வந்த ‘ஹிடன் லவ்’ 25 பகுதிதான்.

அப்புறம், டப்பிங் வேண்டாம், மாண்டரின் ஒலியோடு சப்டைட்டில் வைத்துப் பாருங்கள், இதுதான் முக்கியம். கூடப் படிக்கிறவர்களைக் குடும்பப் பெயரோடு சேர்த்து முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அங்கே வழக்கம், நெருங்க நெருங்கக் குடும்பப் பெயர் உதிர்ந்துவிடும், நம் ‘நீங்க’ ஒருநாள் ‘நீ’ ஆவது போல. சப்டைட்டிலில் இது பல நேரம் தெரியாது, காதில்தான் விழும். மன்னார்குடியில் என் அத்தை பூ கட்டிக்கொண்டே பார்ப்பார், எழுத்தைப் படிக்கவே மாட்டார், ஆனால் அந்த இடத்தில் நாரை விரலில் சுற்றியபடியே நிமிர்ந்து, “பேரைச் சுருக்கிட்டான் பாரு” என்றார். எனக்குச் சிலிர்த்துவிட்டது.

குடையையும் கவனியுங்கள். அவள் பக்கம் சாய்ந்திருக்கும், அவன் தோள் நனைந்திருக்கும், வசனமே இருக்காது.

வேகத்தைக் கூட்டி ஓட்டாதீர்கள். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் இரண்டு பகுதி, சரி, ரொம்ப ஆசையாக இருந்தால் மூன்று.