வெளிநாட்டு மாடல் ரயில் வீட்டுக்கு வந்ததும் என்ன பார்க்க வேண்டும்?

செங்கோட்டை, தென்காசி, புனலூர்ப் பக்கம் ரயில் பைத்தியம் பிடித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெட்டியில் பிரிட்டிஷ் பெயரோ அமெரிக்கப் பெயரோ இருக்கும், உள்ளே இருப்பது பெரும்பாலும் சீனாவில் கோத்தது. பிரிட்டிஷ் மாடல் ரயில் நிறுவனமான ஹார்ன்பி 1990-களிலேயே உற்பத்தியை இங்கிலாந்தின் மார்கேட் ஊரிலிருந்து அங்கே மாற்றிவிட்டது. அதனால் மட்டமான சரக்கு என்று அர்த்தமில்லை, இவ்வளவு நுணுக்கமான வேலை அங்கேதான் கட்டுப்படியாகிறது. ஆனால் கைப்பிடிக் கம்பி, பிரேக் குழாய் என்று பொடிப்பொடிப் பாகங்களை ஆட்கள் கையால்தான் ஒட்டுகிறார்கள், சீனப் புத்தாண்டுக்கு ஊருக்குப் போன கைதேர்ந்த ஆள் திரும்பி வராவிட்டால் அந்த இடத்தில் புது ஆள், நிறுவனம் பார்த்து ஒப்புக்கொண்ட மாதிரி ஒன்று, கப்பலேறுகிற சரக்கு இன்னொன்று என்று ஆகிவிடுகிறது. குறை தெரியவரும்போது மொத்தச் சரக்கும் கடலில் இருக்கும். ஆகவே கடைசிச் சோதனை உங்கள் மேஜையில்தான்.

பார்சலைப் பிரிக்கும்போதே செல்போனில் வீடியோ எடுங்கள். உறையை உதறாதீர்கள், கழன்ற பஃபரோ (முனையில் இருக்கும் மோதல்தாங்கி) படிக்கட்டோ அதிலேயே கிடக்கும்.

அடுத்து சக்கரம். எச்.ஓ. அளவில் (நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு) தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ., ஒரே அச்சில் இருக்கும் இரண்டு சக்கரங்களின் உள்முகங்களுக்கு நடுவே ஏறக்குறைய 14.4 மி.மீ. இருக்க வேண்டும். வெர்னியர் காலிப்பரில் ஒவ்வொரு அச்சையும் இரண்டு மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். இடத்துக்கு இடம் அளவு மாறினால் சக்கரம் கோணலாக ஏறியிருக்கிறது. நேர்த் தடத்தில் இது தெரியாது, தடம் பிரிகிற பாயிண்டில் போய்த்தான் தடம் புரளும். பழியை நீங்கள் தண்டவாளத்தின் மேல் போடுவீர்கள்.

சரி, இப்போது ஓட்டுங்கள். பாரம் எதுவும் மாட்டாமல், மிதமான வேகத்தில், ஒரு திசையில் அரை மணி நேரம், மறு திசையில் அரை மணி நேரம். சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே தாளத்தில் 'டக் டக்' என்று கேட்டால் பல்சக்கரத்தில் விரிசலோ தூசியோ இருக்கலாம். அப்புறம் பெட்டிகளை மாட்டி ஏற்றத்தில் விடுங்கள். செங்கோட்டை-புனலூர் மலைப்பாதையில் 13 கண் பாலத்தைப் பார்த்து வளர்ந்த நம்மாட்கள் வீட்டில் தண்டவாள லேஅவுட் போட்டால் மலைப்பாதை இல்லாமல் போடுவதில்லை, ஆனால் சமதளத்தில் நன்றாக இழுக்கிற எஞ்சின் ஏற்றத்தில் சக்கரம் வழுக்கி நிற்பது சகஜம். பிடிப்புக்காக எஞ்சினுக்குள் வைக்கிற எடைக்கட்டி சரியாக உட்காராததும் காரணமாக இருக்கலாம்.

பழைய எஞ்சினைச் செகண்ட்ஹேண்டில் வாங்குகிறவர்கள் அடிச்சட்டத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். சட்டத்தை வார்க்கிற துத்தநாக உலோகக் கலவையில் ஈயம் போன்ற கலப்படம் சேர்ந்துவிட்டால் வருடங்கள் கழித்து அது தானாக உப்பி, வெடித்து, பொடியாகும், ஈரக்காற்று அதை இன்னும் வேகப்படுத்தும். நம் சாரல் சீசனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மயிரிழை விரிசல் தெரிந்தாலும் வாங்காதீர்கள், அதற்கு மருந்தே கிடையாது.

குறை கண்டால் உடனே பசையை எடுக்காதீர்கள். நீங்கள் கை வைத்துவிட்டால் வாரண்டியை மறுக்க அவர்களுக்கு அதுவே சாக்கு. வீடியோவையும் அளவுகளையும் முதலில் கடைக்கு அனுப்புங்கள். சக்கரத் தொகுதியோ பஃபரோ மட்டும்தான் பழுது என்றால் அந்தப் பாகத்தை மட்டும் கேட்டு வாங்குங்கள். எஞ்சினையே திருப்பி அனுப்பினால் தபால் செலவு ஒரு பக்கம், மாற்று எஞ்சின் வரும்போது சுங்கத்தில் பேச வேண்டியது இன்னொரு பக்கம்.