கீழ்முதுகு அழற்சி வாதம்: எம்ஆர்ஐயை எப்படிக் கேட்பது, எப்படிப் படிப்பது

45 வயதுக்குள் தொடங்கி, 3 மாதத்துக்கு மேல் நீடிக்கும் கீழ்முதுகு வலி. காலையில் 30 நிமிடத்துக்கு மேல் விறைப்பு, நடந்தால் குறைவு, பின்னிரவில் வலியால் விழிப்பு. இப்படி வருபவருக்குச் சீட்டில் ‘லம்பார் ஸ்பைன் எம்ஆர்ஐ’ என்று மட்டும் எழுதுவதில்தான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது. அது டிஸ்க்கையும் நரம்பையும் பார்க்க எடுப்பது. கீழ்முதுகு அழற்சி வாதம் பெரும்பாலும் முதலில் தாக்குவது, முதுகெலும்பின் அடியிலுள்ள திரிக எலும்பும் இடுப்பெலும்பும் சேரும் சாக்ரோஇலியாக் மூட்டை. அது அந்தப் படத்தில் முழுதாக விழாது. ‘இருபுற சாக்ரோஇலியாக் மூட்டு, அழற்சி வாதச் சந்தேகம்’ என்று எழுதுங்கள். வயது, வலியின் காலம், ஹெச்எல்ஏ-பி27 (இந்த நோயோடு தொடர்புள்ள மரபணு) பரிசோதனை முடிவு, உட்கொள்ளும் வலி மாத்திரை, அண்மைப் பிரசவம் ஆகியவற்றையும் சேருங்கள்.

படம் எடுப்பவர் பக்கவாட்டுப் படத்தில் எஸ்2 எலும்பின் (திரிகத்தின் இரண்டாம் பகுதி) பின்விளிம்புக்கு இணையாக வெட்டுக் கோட்டை வைக்க வேண்டும். நேர்க்குத்தாக வைத்தால் மூட்டு துண்டு துண்டாகத்தான் தெரியும். 3 முதல் 4 மி.மீ. தடிமனில், ஒரே தளத்தில் டி1 (கொழுப்பு வெள்ளையாகத் தெரியும் எம்ஆர்ஐ படவகை), ஸ்டிர் (கொழுப்பை மறைத்து நீரை வெள்ளையாகக் காட்டும் படவகை) இரண்டும் வேண்டும். அதற்குக் குறுக்குத் தளத்தில் இன்னொரு ஸ்டிர். கான்ட்ராஸ்ட் ஊசி பொதுவாகத் தேவையில்லை.

ஸ்டிரில் குருத்தெலும்பை ஒட்டிய எலும்பு வெள்ளையாக ஒளிர்ந்தால் அது மஜ்ஜை நீர்க்கோவை, அதாவது எலும்பு மஜ்ஜையில் நீர் கோத்த வீக்கம். ஒரே ஒரு திட்டு என்றால் அடுத்தடுத்த 2 வெட்டுகளிலாவது தெரிய வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட திட்டுகள் என்றால் ஒரு வெட்டே போதும். இது இந்த நோய்க்கான பன்னாட்டு நிபுணர் குழுவான ஆசாஸ் வகுத்த அளவுகோல். ஆனால் இந்த வெள்ளையை மட்டும் நம்பி நோயைச் சொல்லிவிடக் கூடாது. ஓட்டப் பயிற்சி செய்பவருக்கும், அண்மையில் பிள்ளை பெற்றவருக்கும் அழற்சி வாதம் இல்லாமலே இது தெரியும். மூட்டின் முன்பகுதியில் முக்கோணமாக எலும்பு இறுகியிருந்தால் பளுவால் வந்த மாற்றமாக இருக்க வாய்ப்பு அதிகம். மூட்டோரம் ஓடும் இரத்தக் குழாயும் ஏமாற்றும்.

அதனால் அதே இடத்தை டி1இல் பாருங்கள். எலும்பின் கறுப்பு விளிம்பு அறுபட்டு, பக்கத்து மஜ்ஜையின் வெண்மையும் போயிருந்தால் அது அரிப்பு. நீர்க்கோவையோடு அரிப்பும் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. மூட்டு விளிம்பைத் தொடும் கொழுப்புத் திட்டு, ஆறிய அழற்சியின் தடமாக இருக்கலாம்.

படம் சுத்தமாக இருப்பதால் மட்டும் நோய் இல்லை என்றாகாது. வலி மாத்திரை நீர்க்கோவையைக் குறைத்துக் காட்டக்கூடும்.

ஒரு பக்க மூட்டில் மட்டும் கடும் நீர்க்கோவை, அது தசைக்குள் பரவல், சீழ்க்கட்டி, கூடவே காய்ச்சல் என்றால் காசநோய் உள்ளிட்ட தொற்றை முதலில் நினைக்க வேண்டும். ஊசி வழியே மாதிரி எடுத்துத் தொற்று இல்லை என்று உறுதியாகும்வரை, நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் பயாலஜிக் ஊசியைத் தொடங்காதீர்கள்.