யூரியாவிலிருந்து ஒளிவினையூக்கி: இரண்டாம் சூட்டில் இருக்கிறது சூட்சுமம்

தருமபுரியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஒளியைக் கொண்டு நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிளக்கலாம் என்று 1972இல் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடை வைத்துக் காட்டினார்கள். அதற்குப் புற ஊதா ஒளி வேண்டும். சூரிய ஒளியில் அது சுமார் 5 சதவீதம்தான். கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் வேலை செய்யும் ஒளிவினையூக்கி (ஒளி பட்டால் வேதிவினையைத் தூண்டும் பொருள்) கார்பன் நைட்ரைடு. அதை யூரியாவிலிருந்து தயாரித்து, மேம்படுத்தும் வழி இது. கல்லூரி ஆய்வகத்தில் மட்டுமே செய்யுங்கள்.

முதல் படி, யூரியா. உரக்கடை மூட்டை உதவாது. அதில் வேப்பெண்ணெய் பூசியிருக்கும். ஆய்வகத் தர யூரியா 10 கிராமை மூடியுள்ள பீங்கான் மூசையில் (சூடு தாங்கும் கிண்ணம்) இட்டு, மஃபிள் உலை எனும் மூடிய ஆய்வக உலையில் 550 டிகிரி செல்சியசில் 2 மணி நேரம் வையுங்கள். அம்மோனியா நெடி மூக்கைத் துளைக்கும். புகை வெளியேறும் வசதி கட்டாயம். ஆறியபின் அடியில் வெளிர்மஞ்சள் தூள் கொஞ்சம் ஒட்டியிருக்கும். அதுதான் கார்பன் நைட்ரைடு. அரை கிராம்கூடத் தேறாது, மனம் தளராதீர்கள்.

அடுத்ததுதான் முக்கியம். ஒளி பட்டதும் தூளுக்குள் எலக்ட்ரானும் மின்துளையும் (எலக்ட்ரான் விட்டுச்சென்ற வெற்றிடம்) பிரிகின்றன. பரப்பை எட்டுமுன் பெரும்பாலானவை மீண்டும் சேர்ந்து வீணாகின்றன. பரப்பை எட்டும் தூரம் குறைந்தால் இழப்பும் குறையும். எனவே தூளைத் திறந்த தட்டில் மெல்லப் பரப்பி, 500 டிகிரியில் மேலும் 2 மணி நேரம் சூடாக்குங்கள். காற்றிலுள்ள ஆக்சிஜன் தூளின் அடுக்குகளை அரித்து மெல்லிய தகடுகளாக்கும். எடை குறையும், நிறம் வெளுக்கும், தூள் பஞ்சுபோல் உப்பும். எடுத்த எடுப்பில் பிளாட்டினத்துக்குப் பணம் கேட்பவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்கட்டும்.

பிளாட்டினமும் பின்னால் வேண்டும்தான். எலக்ட்ரான்கள் நீரிலுள்ள ஹைட்ரஜன் அயனிகளை ஹைட்ரஜன் வாயுவாக மாற்றும் இடம் அது. தூளின் எடையில் 1 முதல் 3 சதவீதம் போதும். மின்துளைகளை உறிஞ்ச, தூளைக் கலக்கும் நீரில் 10 சதவீதம் ட்ரைஎத்தனாலமைன் சேருங்கள். இது முழுமையான நீர்ப்பிளப்பு ஆகாது, ஏனெனில் ஆக்சிஜன் வராது. அறிக்கையில் அப்படியே எழுதுங்கள். காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்துங்கள். நம் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடும் பிற உப்புகளும் உண்டு. ஒகேனக்கல் குழாய் நீரும் குடிக்கத்தான்.

கடைசியாக அளவீடு. குடுவையை இறுக மூடி, நைட்ரஜன் செலுத்திக் காற்றை வெளியேற்றிய பிறகே விளக்கை ஏற்றுங்கள். குமிழியை எண்ணி முடிவுக்கு வராதீர்கள். வாயுக்களைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவிதான் ஹைட்ரஜனைச் சொல்லும். ஒருமுறை சூடாக்கிய தூள், இருமுறை சூடாக்கிய தூள் இரண்டையும் ஒரே எடையில், ஒரே விளக்கில் சோதியுங்கள். கூடவே இருட்டில் ஒரு குடுவை, தூளே இல்லாமல் ஒரு குடுவை. அவற்றிலும் ஹைட்ரஜன் தென்பட்டால் கோளாறு கருவியிலோ குடுவையிலோ இருக்கிறது.