கிட்டார் ஆம்புக்கு மாற்று ஸ்பீக்கர்: முதலில் ஓம், பிறகுதான் மற்றதெல்லாம்

ஸ்பீக்கர் கரகரக்கிறது என்றதும் புதிது வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். ட்யூபோ (ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்) ஜாக்கோ (கேபிள் செருகும் துளை) பழுதானாலும் இதே சத்தம் வரும். ஆம்பை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றுங்கள். இரு கை விரல்களையும் கோனின் (ஒலி எழுப்பும் கூம்புத் தாள்) நடு வட்டத்தைச் சுற்றிச் சமமாக வைத்து மெல்ல உள்ளே அழுத்துங்கள். மணல் உரசுவதுபோல் கேட்டால் காயில் (கோனை அசைக்கும் கம்பிச் சுருள்) உரசுகிறது. அடுத்து, மல்டிமீட்டரை ஓமில் (மின்தடை அளக்கும் நிலை) வைத்து ஸ்பீக்கரின் இரு முனைகளையும் தொடுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 6 முதல் 7 வரை காட்டும். 16 ஓம் என்றால் 12, 13. குறைகிறதே என்று பயப்பட வேண்டாம், மீட்டர் அளப்பது காயில் கம்பியின் டிசி (நேர்மின்) மின்தடையை மட்டும்தான்; ஸ்பீக்கரில் போட்டிருக்கும் 8, 16 என்பது ஒலி மின்சாரத்துக்கான எண். எண்ணே வராவிட்டால் காயில் அறுந்திருக்கிறது.

இனி தேர்வு. ஃபென்டர் புளூஸ் ஜூனியரை வைத்துப் பார்ப்போம்: 15 வாட் ட்யூப் ஆம்ப், 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, 8 ஓம்.

ஓம்: 8 கேட்கும் ஆம்புக்கு 8 தான். ட்யூப் ஆம்பின் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் அந்தக் கணக்கில்தான் சுற்றப்பட்டிருக்கிறது. ஸ்பீக்கரே இல்லாமல் வாசித்தால் அது எரிந்தே போகலாம். டிரான்சிஸ்டர் ஆம்பில் ஓம் கூடினால் சத்தம்தான் குறையும். ஓம் குறைந்தால் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் சூடேறிப் பழுதாகிவிடலாம். ஒரே மாடல் 8, 16 என இரண்டு வகையிலும் விற்கும். பார்த்து வாங்குங்கள்.

வாட்: ட்யூப் ஆம்ப் முழு டிஸ்டார்ஷனில் (ஒலி கரகரக்கும் அளவு முடுக்கினால்) தன் 15 வாட்டையும் தாண்டும். அதனால் 25 வாட்டாவது தாங்கும் ஸ்பீக்கர் வேண்டும்.

வாட் கூடினால் சத்தம் கூடும் என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். சத்தத்தைத் தீர்மானிப்பது சென்சிடிவிட்டி, அதாவது 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்த டெசிபல். அதில் 3 கூடினால் ஆம்பின் வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். செலஸ்டியன் நிறுவனத்தின் கிரீன்பேக் ஸ்பீக்கர் தாங்குவது 25 வாட், 98 டெசிபல். அதே நிறுவனத்தின் வின்டேஜ் 30 தாங்குவது 60 வாட், 100 டெசிபல் (பெயரில் உள்ள 30 வாட் கணக்கு அல்ல). பேண்டில் டிரம்ஸை மீறிக் கேட்க வின்டேஜ் 30 நல்லது, அதன் மேல்-மிட் (நடுத்தர ஒலியின் மேல்பகுதி) முன்னால் நிற்கும். வீட்டில் வாசிக்க மென்மையான கிரீன்பேக் போதும்.

மேடை பிஏ ஸ்பீக்கர் (கூட்டத்துக்குப் பாட்டும் பேச்சும் கேட்க வைப்பது) மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். கிட்டார் ஸ்பீக்கரின் ஒலி சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சட்டென்று இறங்கிவிடும். பிஏ ஸ்பீக்கர் இறங்காது, டிஸ்டார்ஷன் ஈ மொய்ப்பதுபோல் இரையும். வாங்குமுன் ஆழத்தையும் அளந்துகொள்ளுங்கள்; மேக்னெட் ட்யூபில் முட்டக் கூடாது.

மாட்டும்போது ஆம்பை முகம் குப்புறப் படுக்க வையுங்கள். பின்பலகையைத் தவிர எதையும் திறக்காதீர்கள். சேசிஸுக்குள் (சர்க்யூட் இருக்கும் உலோகப் பெட்டி) மின்சாரம் சேமிக்கும் கப்பாசிட்டரில், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். ஸ்க்ரூடிரைவரை மேக்னெட் இழுக்கும், நழுவினால் கோன் கிழிந்துவிடும். கோன்மேல் ஓர் அட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூக்களை எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் ஃபிரேம் முறுக்கிக்கொண்டு புது காயிலே உரச ஆரம்பிக்கும்.

இரண்டு ஸ்பீக்கர் உள்ள ஆம்ப் என்றால் ஆம்பிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர் ஒயரின் இரு முனைகளிலும் 9 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். இரண்டு கோனும் ஒரே திசையில் நகர வேண்டும். எதிரெதிராக நகர்ந்தால் பேஸ் (தாழ்ந்த ஒலி) காணாமல் போகும். ஒன்றின் ஒயர்களை மட்டும் மாற்றிப் போடுங்கள்.