பிள்ளைகள் தங்கள் கையாலேயே செய்ய வேண்டியதை நீங்கள் செய்து கொடுக்காதீர்கள்: பள்ளிக் கணினி அறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு ஜூனிலும் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து அரசுப் பள்ளிகளின் ஹைடெக் லேபுக்குப் புதிதாகச் சிலர் வருகிறார்கள். அப்போதுதான் பணியில் சேர்ந்த ஆசிரியர்கள், லேபைப் பார்த்துக்கொள்ள வந்தவர்கள், ஓசூர் கம்பெனிகள் அனுப்பும் தன்னார்வலர்கள், லீவில் ஊருக்கு வந்த என்ஜினியரிங் மாணவர்கள். எல்லோருக்கும் நல்ல மனசு, நிறைய ஆர்வம். நாங்கள் வந்த புதிதில் செய்த அதே தவறுகளை அப்படியே செய்கிறார்கள். இந்த வருடம் பாலக்கோடு பக்கம் ஒரு லேபில் அதை மறுபடி பார்த்துவிட்டு வந்த பிறகு, எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

யூபிஎஸ் பாட்டரி, தூசி, வைரஸ், ஒழுங்காக ஷட் டவுன் செய்வது, இதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதை யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள், தவறு நடந்தாலும் மெக்கானிக் வந்தால் சரியாகிவிடும். மெக்கானிக் வந்தாலும் சரியாகாத சில தவறுகள் இருக்கின்றன, அவற்றைப் பற்றி மட்டும் இங்கே.

ஒரே பிள்ளை மவுஸ் பிடிப்பது

ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர் உட்காருவார்கள். நடுவில் இருப்பது பெரும்பாலும் வீட்டில் அண்ணனுடைய லேப்டாப்பைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, அல்லது வகுப்பில் சத்தமாகப் பேசும் பையன். மவுஸ் அவன் கையில். மற்ற இரண்டு பேரும் எட்டிப் பார்த்துத் தலையாட்டுவார்கள். பீரியட் முடியும்போது "எல்லாரும் செஞ்சீங்களா?" என்று கேட்டால் "செஞ்சிட்டோம் சார்" என்று பதில் வரும். திரையிலும் வேலை முடிந்திருக்கும். யார் செய்தது என்பது மட்டும் திரையில் தெரியாது.

ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் மவுஸைக் கொடுத்துப் பாருங்கள். டபுள் கிளிக் செய்யச் சொன்னால் ஒரு கிளிக் வரும், கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு கிளிக் வரும். அதற்குள் கை நகர்ந்து ஐகானும் கூடவே இழுபட்டுப் போயிருக்கும். வேறு சில பிள்ளைகள் ஃபோன் பழக்கத்தில் மானிட்டரையே விரலால் தொடுவார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து லேபுக்கு வந்து போகிற பிள்ளைகள் இவர்கள்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். மவுஸ் கையில் இல்லாதவர்கள் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று வாயால் சொல்ல வேண்டும், மவுஸ் பிடித்தவர் சொன்னதை மட்டும்தான் செய்ய வேண்டும். நன்றாகத் தெரிந்த பிள்ளைக்குக் கடைசியாகத்தான் மவுஸ். முதல் இரண்டு வாரம் சத்தம் அதிகமாக இருக்கும், பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து எட்டிப் பார்ப்பார். பரவாயில்லை.

வீடியோ போட்டுவிட்டு நிற்பது

2018இல் புதிய பாடத்திட்டம் வந்தபோது பாடப்புத்தகங்களிலேயே க்யூஆர் கோடு அச்சாகி வந்தது. ஸ்கேன் செய்தால் வீடியோ வரும், ஸ்மார்ட் போர்டில் போட்டுக் காட்டலாம். நல்ல வசதிதான். ஆனால் முழு வீடியோவும் ஓடி முடியும்வரை ஆசிரியர் ஓரமாக நின்றுவிட்டால், பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய பீரியடில் டிவி பார்க்கிற மாதிரிதான் பார்ப்பார்கள்.

போடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள். "ஒரு பல்பு எரியுது. அதே மாதிரி இன்னொரு பல்பைத் தொடர் இணைப்புல மாட்டினா வெளிச்சம் கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா?" மூன்றுக்கும் கை தூக்கச் சொல்லி எண்ணிக்கையைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, அப்புறம் காட்டுங்கள். தன் பதில் சரியா தப்பா என்று தெரிந்துகொள்ளக் காத்திருக்கும் பிள்ளை பார்ப்பது வேறு மாதிரி இருக்கும். இதற்கு வீடியோவை விட, பிள்ளைகளே திரையில் ஒயரை இழுத்து மாட்டிப் பார்க்கக்கூடிய பெட் (PhET) என்ற செயலிகள் நல்லது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது அது. இலவசம், பல செயலிகள் தமிழிலும் இருக்கின்றன, ஒருமுறை இறக்கிப் பென் டிரைவில் வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். அஞ்செட்டி, சித்தேரி மாதிரி மலை ஊர்ப் பள்ளிகளுக்கு இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம்.

லேபைப் பூட்டி வைப்பது

பழுதாகிவிடும் என்று பூட்டாதீர்கள். பூட்டிய அறையிலும் பாட்டரி செத்துப்போகும், எலி ஒயரைக் கடிக்கும்.

மாணவர்களின் மெயில் ஐடியை நாமே தொடங்கிக் கொடுப்பது

இதைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. இவ்வளவு வருடம் சொல்லியும் நிற்காத தவறு இது, செய்கிறவர்கள் எல்லோருமே பிள்ளைகள் மேல் அக்கறை உள்ளவர்கள் என்பதால் தடுப்பதும் கஷ்டம்.

நடப்பது இதுதான். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மெயில் ஐடி வேண்டும். பொறியியல் கலந்தாய்வு 2018இலிருந்து ஆன்லைனில்தான். பதிவு, சான்றிதழ் ஏற்றுவது, கல்லூரி விருப்பப் பட்டியல், ஒதுக்கீட்டை உறுதி செய்வது எல்லாமே லாகின் செய்துதான். வகுப்பில் நாற்பது பேர். பள்ளிக்கு ஃபோன் கொண்டுவரக் கூடாது. அப்பா ஃபோனை எடுத்துக்கொண்டு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருப்பார். இவ்வளவையும் யோசித்துப் பார்க்கும் ஆசிரியர் ராத்திரி உட்கார்ந்து நாற்பது ஐடியையும் தானே தொடங்கிவிடுகிறார். பாஸ்வேர்டு எல்லோருக்கும் ஒன்றே, பள்ளிப் பெயரும் 123-உம். ஃபோன் நம்பர் அவருடையது. ஒரே நம்பரில் சில ஐடிகளுக்கு மேல் கூகுள் விடாது, இந்த நம்பரை இனிப் பயன்படுத்த முடியாது என்று சொல்லிவிடும். உடனே லேப் உதவியாளரின் நம்பர், அடுத்து வாட்ச்மேன் நம்பர், அப்புறம் மச்சான் நம்பர். காலையில் ஒரு எக்செல் ஷீட் தயார். "எல்லாருக்கும் ஐடி ரெடி பண்ணிட்டேன் சார்" என்று தலைமையாசிரியரிடம் சொல்வார், அவரும் பாராட்டுவார்.

ஏரியூர் பக்கத்திலிருந்து வந்து படித்த ஒரு மாணவிக்கு அப்படித் தொடங்கிய ஐடிதான். நல்ல கட் ஆஃப். வீட்டிலிருந்தே போய் வரலாம் என்பதால் செட்டிக்கரையில் இருக்கும் அரசுப் பொறியியல் கல்லூரிதான் அவளுடைய ஆசை. வெளியூர் ஹாஸ்டல் என்றால் வீட்டில் அனுப்ப மாட்டார்கள், செலவுக்கும் வழியில்லை. விருப்பப் பட்டியல் பதிவு செய்ய வேண்டிய நேரத்தில் பென்னாகரத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய் உட்கார்ந்தால் கலந்தாய்வு பாஸ்வேர்டு மறந்துவிட்டது. சரி, மெயிலுக்கு வரும் லிங்க்கில் மாற்றிக்கொள்ளலாம் என்று மெயிலைத் திறந்தால் அதுவும் திறக்கவில்லை. வகுப்பு முழுக்கத் தெரிந்த பாஸ்வேர்டு, யாரோ விளையாட்டாக மாற்றியிருக்கிறார்கள். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று அழுத்தினால், ஒரு ஃபோனுக்குக் குறியீடு அனுப்பியிருப்பதாகச் சொல்லி அந்த நம்பரின் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் காட்டியது. அது யாருடைய நம்பர் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

கலந்தாய்வில் கொடுத்திருந்த செல் நம்பராவது உதவுமா என்றால், அதுவும் பள்ளியில் யாரோ நிரப்பிக் கொடுத்ததுதான். ஐடி தொடங்கிய ஆசிரியர் மாறுதலில் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். அவரைப் பிடித்துக் கேட்டால் ஷீட்டில் நம்பர் எழுதவில்லை, நினைவிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்கிறார். கடைசியில் பார்த்தால் அது முன்னாள் வாட்ச்மேனின் நம்பர், அவர் ரீசார்ஜ் செய்யாமல் விட்டுச் சிம்மை மாற்றி எத்தனையோ மாதம் ஆகிறது. இதைக் கண்டுபிடிப்பதற்குள் பதிவு நாட்கள் முடிந்துவிட்டன. துணைக் கலந்தாய்வில் மிச்சமிருந்த இடங்களில் செட்டிக்கரை இல்லை. அந்தப் பெண் இப்போது வேறு படிப்பு படிக்கிறாள், நன்றாகத்தான் படிக்கிறாள், ஆனால் அவள் மதிப்பெண்ணுக்குக் கிடைத்திருக்க வேண்டிய இடம் அது, ஒரு நம்பரால் போனது.

அந்த ஆசிரியரைச் சோம்பேறி என்று சொல்ல முடியாது. ராத்திரி தூங்காமல் செய்தவர். அதனால்தான் இந்த அளவுக்கு எழுதுகிறேன்.

இன்னும் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். பயன்பாட்டில் இல்லாமல் துண்டிக்கப்பட்ட செல் நம்பரைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாம். அதாவது உங்கள் மாணவியின் ஓடிபி நாளைக்கு முன்பின் தெரியாத ஒருவருக்குப் போகும். இரண்டாவது, 2 வருடம் தொடாமல் கிடக்கும் கணக்குகளை கூகுள் 2023 டிசம்பரிலிருந்து அழிக்கத் தொடங்கியிருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் தொடங்கிக் கொடுத்துவிட்டுப் பிள்ளை ஒருமுறைகூட உள்ளே போகாவிட்டால், பன்னிரண்டில் தேடும்போது அது இல்லாமல் போயிருக்கலாம்.

சரி, எப்படித்தான் செய்வது? பெற்றோர் கூட்டம் நடக்கும் நாளைப் பிடித்துக்கொள்ளுங்கள். அம்மா, பிள்ளை, அம்மாவின் ஃபோன் மூன்றும் ஒரே பெஞ்சில். அம்மாவின் நம்பர் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, நம் ஊரில் அப்பாவின் ஃபோன் ஓசூரிலோ பெங்களூரிலோ இருக்கும், அம்மாவின் ஃபோன்தான் வீட்டில் இருக்கும். ஒரு நாளைக்கு ஐந்தாறு குடும்பம் போதும். பிள்ளைதான் டைப் செய்ய வேண்டும், ஓடிபியை அம்மா படித்துச் சொல்ல வேண்டும். ஓடிபியை வேறு யார் கேட்டாலும் சொல்லக் கூடாது என்பதை அந்த இடத்திலேயே அம்மாவுக்கும் சொல்லிவிடலாம். 18 வயதுக்குக் கீழ் இருப்பவர்களை 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குழந்தைகளாகத்தான் பார்க்கிறது, பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. அதனால் அம்மா பக்கத்தில் இருப்பது முறையும்கூட. 13 வயதுக்குக் கீழ் தனி ஐடி வேண்டாம்.

ஐடியில் பெயரும் இனிஷியலும் இருக்கட்டும். ஹீரோ பெயரைச் சேர்க்க ஆசைப்படுவார்கள். நாலு வருடம் கழித்து இதே ஐடியைத்தான் வேலை விண்ணப்பத்தில் எழுத வேண்டும் என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். பாஸ்வேர்டோடு ஃபோனுக்கு வரும் குறியீட்டையும் கேட்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டால் கூகுள் பத்து மாற்றுக் குறியீடுகள் தரும், ஃபோன் தொலைந்தாலும் அதை வைத்து உள்ளே போகலாம். அதை அச்செடுத்துக் கொடுத்து, சாதிச் சான்றிதழும் ரேஷன் கார்டும் வைத்திருக்கும் அதே கவரில் வைக்கச் சொல்லுங்கள். உங்களிடம் ஒரு காப்பிகூட இருக்கக் கூடாது. அப்புறம் லேப் கம்ப்யூட்டரிலிருந்து பிள்ளையே சைன் அவுட் செய்ய வேண்டும். மறுநாள் வேறு மெஷினில் உட்கார்ந்து, யாரையும் கேட்காமல் உள்ளே போய், ஒரு ஃபைலை இணைத்து உங்களுக்கு ஒரு மெயில் அனுப்ப வேண்டும். அது வந்து சேர்ந்தால்தான் ஐடி இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

நாற்பது பேருக்கு இப்படிச் செய்ய ஒரு பருவமே ஆகலாம். ஆகட்டும். பத்தாம் வகுப்பிலேயே தொடங்கினால் நேரம் இருக்கிறது.

ஃபைல் எங்கே என்று தெரியாமல் விடுவது

ஃபோனில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் படம் என்றால் கேலரி, மற்றதெல்லாம் வாட்ஸ்அப். ஃபோல்டர் என்ற ஒன்றே அவர்கள் கண்ணில் பட்டதில்லை. சேவ் செய்வார்கள், எங்கே போனது என்று தெரியாது. பவர்பாயிண்டில் எழுத்தைப் பறக்க விடக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் இதைச் சொல்லிக் கொடுங்கள்: தன் பெயரில் ஒரு ஃபோல்டர், அதில் ஒரு ஃபைல், அதற்குப் பெயர் மாற்றுவது, பென் டிரைவுக்கு எடுப்பது, தேடிக் கண்டுபிடிப்பது. அடுத்து போட்டோவின் அளவைக் குறைப்பது. வங்கித் தேர்வு விண்ணப்பத்தில் போட்டோ 20இலிருந்து 50 கேபிக்குள் இருக்க வேண்டும், ஃபோனில் எடுத்த படம் பல எம்பி இருக்கும். இது தெரியாததால்தான் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்துவிட்டு வருகிறார்கள், கூடவே பாஸ்வேர்டையும் அங்கே விட்டுவிட்டு வருகிறார்கள்.

தமிழ் டைப்பிங்கை விட்டுவிடுவது

தமிழ்99 விசைப்பலகையை எட்டாம் வகுப்பில் தொடங்குங்கள். தங்கிலீஷ் பழகிய விரலை அதற்கப்புறம் மாற்றுவது கஷ்டம்.

வேலை என்றால் கோடிங் மட்டும் என்று நினைப்பது

ஸ்கிராட்ச், பைத்தான் எல்லாம் வேண்டும்தான், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் முதலில் போய் நிற்கும் இடம் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை, பர்கூர் சிப்காட், அல்லது கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள மாம்பழக்கூழ் ஆலை. அங்கே முதல் நாளே அளக்கச் சொல்வார்கள், அளந்ததைப் பதியச் சொல்வார்கள், எது சரியில்லை என்று கேட்பார்கள். ஐடிஐ, பாலிடெக்னிக் போகிற பிள்ளைக்கும் இதேதான் அடித்தளம்.

அளப்பது அறிவியல் லேபிலும் எக்செல் கம்ப்யூட்டர் லேபிலும் தனித்தனியாகக் கிடப்பதுதான் தவறு. ஜூனில் நம் பக்கம் பெங்களூரா மாங்காய்க்குப் பஞ்சமில்லை. ஒரு கூடை மாங்காய் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் ஒட்டி, எடை மெஷினில் எடையும், வெர்னியர் காலிப்பரில் அகலமும் எடுத்து, எக்செலில் ஏற்றட்டும். ஒருவர் அளக்க, ஒருவர் உரக்கச் சொல்ல, ஒருவர் டைப் செய்ய. சராசரியைச் சூத்திரம் போட்டு எடுக்கட்டும், வரைபடம் போடட்டும்.

எப்போதும் ஒரு மாங்காய் மட்டும் 2,150 கிராம் மாதிரி ஏதாவது காட்டும். உடனே போய்த் திருத்திவிடாதீர்கள். ஒரு பிள்ளை அந்த மாங்காயை எடுத்துக் கையில் தூக்கிப் பார்த்து, "சார், இது அவ்வளவு கனம் இல்ல, யாரோ தப்பா அடிச்சிருக்காங்க" என்று சொல்லும்வரை பொறுங்கள். அப்புறம் மறுபடி எடை போட்டு அவர்களே மாற்றட்டும். ஒரு தொழிற்சாலையில் செக்கிங் வேலையில் இருப்பவர் நாள் முழுக்கச் செய்வது இதைத்தான்.

பயிற்சி முடிந்த அன்றே சான்றிதழ் கொடுத்துப் படம் எடுப்பது

ஒரு மாதம் கழித்து வந்து, அதே பிள்ளையை வேறு மெஷினில் உட்கார வைத்துப் பாருங்கள். அப்போதும் தானாகச் செய்தால், சான்றிதழை அன்றைக்குக் கொடுக்கலாம்.